இரண்டாம் புள்ளி

“ஐஸ்ல போட்டா சைபர்தானே காட்டணும், இது என்ன முப்பத்தேழுன்னு—”

“அதைச் சரிபண்ணத்தானே ஞாயித்துக்கிழமை அதுவுமா வந்து நிக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாம—”

“சரிபண்ண வந்தியா, மறைக்க வந்தியா? முதல்ல அதைச் சொல்லு.”

“ரெண்டும் ஒரே வேலைதான். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

கணக்கு வாத்தியார் தள்ளி நின்றார். வாய் மட்டும் தள்ளி நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு. மனைவி அறிவியல் டீச்சர். பள்ளியில் அவளிடம் “வாங்க, போங்க” என்று பேசுவதற்கெல்லாம் சேர்த்து மற்ற நேரத்தில் ஈடு கட்டிவிடுவார்.

“பதினோரு வாரம்,” என்றார். “பதினோரு திங்கட்கிழமை. எல்லாக் கையெழுத்தையும் ஒரே உட்காரல்ல போட்டு முடிச்சிருக்க. ஒரே மையா இருந்தா சந்தேகம் வரும்னு மூணு பேனா மாத்தியிருக்க. கணக்கு வாத்தியார் பொண்டாட்டின்னு நிரூபிச்சிட்ட.”

“எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் போடுறாங்க.”

“எல்லா ஸ்கூல்லயும் புள்ளைக்குக் கை வேகல.”

டீச்சர் பீக்கரைப் பார்த்தாள். உடைத்த ஐஸ் விளிம்பு வரை நிறைந்திருந்தது. துண்டுகள் ஒன்றையொன்று உரசி மெல்ல முனகின. வெளிச்சுவரில் முத்து முத்தாக நீர் பூத்து, கறுப்புக் கல் மேசையில் வட்டமாகத் தேங்கியது. அதற்குள் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது எஃகுக் கம்பி. கம்பியிலிருந்து ஓடிய ஒயர் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றில் முடிந்தது. பெட்டியின் சின்னத் திரையில் 37.0 என்று இருந்தது. கெட்டுப்போன சென்சார் தாவும், தடுமாறும், வாய்க்கு வந்ததைச் சொல்லும். இது அசையவில்லை. நிதானமாக, தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதைப்போல் நின்றது.

சோதனைக்கூடத்தில் அப்படி ஆறு கம்பிகள், வெப்பம் அளப்பதற்கு. புளிப்பா காரமா என்று பார்க்கும் பி.எச். சென்சார்கள் மூன்று, அவற்றின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. உருகும் ஐஸில் வைத்து, இதுதான் பூஜ்யம் என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அது முதல் புள்ளி. கொதிக்கும் தண்ணீரில் வைத்து, இதுதான் நூறு என்று சொல்ல வேண்டும். அது இரண்டாம் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் பெட்டி தானாகக் கோடு போட்டுக்கொள்ளும். பிறகு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணி நேர வேலை. எந்தத் திங்கட்கிழமையிலும் அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் இருந்ததில்லை. அதனால் பல வாரத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் 0.1 என்றும் 99.8 என்றும் எழுதிவிடுவாள். சுத்தமாகப் பூஜ்யம் என்று எழுதினால் பொய் போலத் தெரியும்.

மூன்றாம் கம்பி இருபது டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் நான்கு முறை சொன்னது லேப் அக்கா.

மொத்தப் பள்ளிக்கும் அவள் லேப் அக்காதான். பீக்கர் கழுவுவது, கரைசல் கலப்பது, வகுப்புக்கு முன்னால் மேசையில் எல்லாம் எடுத்து வைப்பது அவள் வேலை. பெட்டியின் அளவைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை. அது டீச்சரின் வேலை. ஏழாம் வகுப்புக்கு ஒரு சோதனை உண்டு: ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், ஒன்றில் கை பொறுக்கும் சூடு. மாறி மாறிக் கை வைத்தால் தோல் நம்மை ஏமாற்றும், ஆகவே அளப்பதற்குக் கருவி வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரியும். அன்றைக்கு மூன்றாம் கம்பி நாற்பத்திரண்டு என்று சொன்ன கிண்ணத்தில் அறுபத்திரண்டு இருந்தது. முன்வரிசைப் பெண்ணொருத்தி, சொன்னபடி கேட்கும் பிள்ளை, கையை ஒரேயடியாக மணிக்கட்டு வரை இறக்கினாள்.

தலைமையாசிரியர் அறையில் டீச்சர் சொன்னது ஒரே வாக்கியம்: “கம்பி சரியில்லைன்னு அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை சார்.” லேப் அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். அலமாரிக் கதவில் பதினோரு கையெழுத்து இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

வேலை போன பிறகு காய்கறிக் குளிர்கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனாள். ஒரு ராத்திரி உள்ளே இருக்கும்போதே வெளிக்கதவை யாரோ சாத்திவிட்டார்கள். காலையில்தான் திறந்தார்கள்.

“நாளைக்கு விசாரிக்க அந்தக் கல்வி அதிகாரி வராரு,” என்றார் வாத்தியார். குரலைத் தணித்துக்கொண்டிருந்தார், அவர் குரல் தணிந்தால் டீச்சருக்குப் பயம். “அக்காவோட வீட்டுக்காரர் அலையா அலைஞ்சு வர வச்சிருக்காரு. ஒரு வரி எழுதிக் குடு. நான் சரிபார்க்கலை, அவங்க சொன்னாங்க, நான் கேக்கலைன்னு. வேலை போகும். போகட்டுமே.”

“அப்புறம் நான் தெருவுல நடக்க முடியுமா? புள்ளை கையை வேகவச்சவன்னு என்னைக் காட்டுவாங்க.”

“இப்போ அவங்களைக் காட்டுறாங்க.”

“அவங்கதான் இப்போ இல்லையே.”

வாத்தியார் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பரீட்சைத்தாளில் எங்கே தப்பு என்று தெரிந்துவிட்ட பிறகும் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது.

டீச்சர் கதவைச் சாத்தினாள்.

வெளியே மத்தியான வெயில் மைதானத்தை வெளுத்துப் போட்டிருந்தது. மேல் ஜன்னல் வழியாக அதன் ஒரு துண்டு விழுந்து, கழுவுதொட்டியின் பித்தளைக் குழாயைச் சுட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி தலைக்கு மேலே ஒரு சுற்றுக்கு ஒரு முறை க்ளக் என்றது. ஸ்பிரிட், பழைய ரப்பர் குழாய், துருவேறிய கொக்கி, சாக்பீஸ் எல்லாம் கலந்த சோதனைக்கூடத்து வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஈரச் சாக்கு, அழுகத் தொடங்கிய முட்டைக்கோஸ், பூட்டியே கிடந்த குளிர். தொட்டிக் குழாயின் அடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐஸிலிருந்த மூன்றாம் கம்பியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு இரண்டாவதை ஐஸில் நிறுத்தினாள். 37.0. நான்காவது. 37.0. ஐந்து, ஆறு, ஒன்று. ஆறு கம்பிகளும் ஒரே அளவு கெடாது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அப்படி நடக்கவும் முடியாது. முப்பத்தேழு என்பது உயிரோடு இருக்கிற உடம்பின் சூடு. ஆறு கம்பியையும் யாரோ அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பதைப்போல.

சிரிப்பு வந்தது அவளுக்கு. பெட்டி கெட்டுப்போயிருக்கும். வேறென்ன.

பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தேதியில் சரிபார்த்தார்களோ அதை மறக்காமல் வைத்துக்கொள்ளும். கடைசியாகச் சரிபார்த்த தேதி பதினான்கு மாதம் பழையது. அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார். டீச்சர் அதற்கு வழி யோசித்து வைத்திருந்தாள். அமைப்புக்குள் போய்ப் பெட்டியின் தேதியைப் பின்னால் நகர்த்தினாள். மாதம் மாதமாக, பிறகு நாள் நாளாக, அந்தப் பெண் கை வெந்ததற்கு முந்தைய திங்கட்கிழமை வரை. காலை எட்டு மணி. இனி இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை இன்றைக்கு அந்தத் திங்கட்கிழமைதான். அன்றைக்கே எல்லாம் ஒழுங்காகப் பார்க்கப்பட்டது என்று அதுவே சாட்சி சொல்லும்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லேப் அக்கா வேலைக்கு வந்திருந்தாள். அது டீச்சருக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்தது தாள். கதவில் ஒட்டியிருந்த பழைய தாளை நகத்தால் மூலையிலிருந்து உரித்தாள். பெட்டி காட்டப்போகும் தேதியோடு பொருந்தும்படி புதிதாக எழுதிய தாள் பையில் தயாராக இருந்தது. உரித்ததைத் திருப்பியபோது பின்பக்கம் பென்சில் எழுத்து தெரிந்தது. ஒட்டிய தாளின் பின்னால் நேராக எழுத முடியாது. கீழ் ஓரத்தைத் தூக்கித் தூக்கி, தலையைச் சாய்த்து எழுதியிருக்க வேண்டும். உருண்டையான, அவசரமில்லாத எழுத்து.

மூணாம் நம்பர், ஐஸ்ல மைனஸ் 20. டீச்சர்கிட்ட சொன்னேன்.

மூணாம் நம்பர், அதே. டீச்சர்கிட்ட சொன்னேன்.

அதே. டீச்சர் அப்புறம் பாக்கலாம்னாங்க.

அதே. சொன்னேன்.

நான்குக்கும் தேதி இருந்தது.

பக்கத்து அறையில் தாள் புரண்டது. அவரைக் கூப்பிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டால் இந்தத் தாளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்க முடியாது. டீச்சர் அதை இரண்டாகக் கிழித்தாள். நான்காக. எட்டாக. தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்து, துண்டுகள் கூழாகிச் சல்லடைக்குள் இறங்கும் வரை விரலால் அழுத்தினாள். தண்ணீர் சுழன்று, தொண்டையைச் செருமுவதைப்போல ஒரு சத்தத்துடன் போயிற்று.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

திரும்பினாள். மேசைகள். ஸ்டூல்கள். மின்விசிறி. க்ளக்.

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லிக்கொண்டாள்.

ஆறு கம்பிகளையும் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி ஐஸுக்குள் இறக்கினாள். ஆறும் முப்பத்தேழு. பொறுமை போய்விட்டது. பெட்டிக்குச் சரியா தப்பா என்று தெரியாது; சொல்வதை ஏற்றுக்கொள்ளும். ‘இந்த அளவே பூஜ்யம்’ என்ற பொத்தானை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினாள். திரை ஒரு முறை இருண்டு ஒளிர்ந்தது. ஆறு வரியிலும் 0.0.

கீழே ஒரு வரி வந்தது: முதல் புள்ளி ஏற்கப்பட்டது. இரண்டாம் புள்ளிக்குக் காத்திருக்கிறது.

அவ்வளவுதான். இவ்வளவு எளிது. கம்பிக் கட்டை எடுத்து ஈரத்தைத் துடைத்து, பழக்கத்தில் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தாள். கையில் பிடித்தால் உடனே ஏறும்; கம்பி வேலை செய்கிறதா என்று எல்லோரும் பார்க்கும் வழி.

0.0.

முப்பத்தேழைப் பூஜ்யம் என்று அவள்தானே சொல்லிக்கொடுத்தாள். உடம்புச் சூட்டை ஐஸ் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இப்போது அது அவள் உடம்பைப் பார்த்து ஐஸ் என்கிறது. கணக்கு சரிதான். அவள் கையிலிருந்து கட்டு நழுவி மேசையில் உருண்டது.

குளிர் முதலில் உள்ளங்கையில்தான் வந்தது. கம்பியின் குளிர் அல்ல. உள்ளேயிருந்து, எலும்புக்கும் சதைக்கும் நடுவிலிருந்து, ஒரு நூல்போலக் கிளம்பி மணிக்கட்டைச் சுற்றி முழங்கை நோக்கி ஏறியது. ஜன்னல் வெயிலில் கையை நீட்டினாள். வெயில் அவள் தோல்மேல் விழுந்தது, தெரிந்தது, ரோமம் பொன்னாக மின்னியது. நிலா வெளிச்சத்துக்கு இருக்கும் சூடுகூட அதற்கு இல்லை.

வேலை செய்தால் போகும். இரண்டு லிட்டர் பீக்கரில் தண்ணீர் பிடித்து மின் அடுப்பில் வைத்தாள். அது கொதிப்பதற்குள் பி.எச். வேலையை முடித்துவிடலாம். மூன்று சின்னக் கிண்ணங்களில் அளவு மாறாத பஃபர் கரைசல்: இளஞ்சிவப்பு நாலு, மஞ்சள் ஏழு, நீலம் பத்து. கலர் பார்த்தாலே குழந்தைக்கும் அளவு தெரியும். முதல் சென்சாரைக் கழுவி, துணியால் துடைத்து, இளஞ்சிவப்பில் வைத்தாள்.

7.4.

மஞ்சளில் 7.4. நீலத்திலும் 7.4. அடுத்த சென்சாரும், அதற்கடுத்ததும் அப்படியே.

ரத்தத்தின் அளவு அது. எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுப்பாள்: நம் ரத்தம் லேசான காரம், ஏழு புள்ளி நாலு, அதைவிட்டு இறங்காது. எப்போது டீச்சர் இறங்கும் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். மூச்சு நின்றால் இறங்கும் என்பாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் 7.3 ஆயிற்று.

7.2.

தொடவில்லை அவள். கிண்ணம் அசையவில்லை. மஞ்சள் கரைசலின் மேல்பரப்பு மட்டும் மெல்ல நெளிந்தது, மேலே யாரோ குனிந்து மூச்சு விடுவதைப்போல. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அதற்குப் பிறகு நெடுநேரம் விட்டு.

7.0.

எட்டு மணி நேரம் உள்ளே கிடந்தாள் என்று அக்காவின் வீட்டுக்காரர் ஆசிரியர் அறையில் நின்று சொன்னார். கதவுக்கு உள்ளே தட்டின அடையாளம் இருந்தது என்றார். நகத்தைப் பற்றி ஏதோ சொன்னார். டீச்சர் அப்போது மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.8.

“போதும்,” என்றாள்.

மேற்பரப்பு நெளிவது நின்றது.

6.6. அங்கே நின்றுகொண்டது.

“ஒத்தி எடுக்கணும் டீச்சர்.”

தாழ்ந்த குரல். கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில், காதுக்கு ஒரு முழம் தள்ளி.

“துடைச்சீங்கன்னா கண்ணாடி கீறும். எத்தனை தடவை சொல்றது.”

டீச்சர் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. கழுவும் பாட்டில் பீச்சும் சத்தம் வந்தது, சர்ர், சர்ர், சர்ர், அக்கா எப்போதும் பீச்சும் மூன்று முறை. ரப்பர் செருப்பு ஈரத்தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம் மேசையைச் சுற்றி வந்தது.

“நீங்க எழுதிக் குடுத்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்,” என்றது குரல். “இப்போகூட அந்தத் தாளை எடுத்து வைக்கிறீங்களான்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கிழிச்சிட்டீங்க.”

“நான்... நான் வேணும்னு செய்யல.”

“மூணு பேனா டீச்சர்.”

சுவரில் தட்டும் சத்தம்.

“யார்கிட்டப் பேசிட்டிருக்க?” பக்கத்து அறையிலிருந்து வாத்தியார்.

“யார்கிட்டயும் இல்ல. நம்பரைச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

தாள் புரளும் சத்தம் நின்றது.

“பதில் வந்துச்சே,” என்றார்.

கதவு திறந்தது. பிளாஸ்க் மூடியில் டீயோடு வந்தார். அவர் உள்ளே வந்ததும் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. பாட்டில் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். “என்ன இது, தொப்பலா நனைஞ்சிருக்க. வேர்த்துக் கொட்டுது.”

“குளிருதுங்க.”

“இந்த வெயில்லயா?”

“பல்லு கிட்டுது. பாருங்க.”

டீயை வாங்கி வாயில் வைத்தாள். ஐஸ் தண்ணீர். தொண்டை வரை வலித்தது. “ஆறிப்போச்சு,” என்றாள்.

“ஆவி பறக்குதேம்மா.” அவர் அவள் கையைப் பிடித்தார். அவர் கை உறைந்த இரும்பைப்போல இருந்தது. “உன் கை நல்லாத்தான் இருக்கு. சூடாத்தான் இருக்கு. வா, போயிடலாம். இதை இப்படியே விடு. நாளைக்கு நடக்குறது நடக்கட்டும்.”

கதவு திறந்திருந்தது. வராண்டாவில் வெயில். பத்து அடி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் போதும். போனால் பெட்டி இப்படியே இருக்கும். உடம்பை ஐஸ் என்று சொல்லும் பெட்டி, பின்னால் நகர்த்திய தேதி, பாதி வேலை. காலையில் அதிகாரி திறந்து பார்ப்பார்.

“ஒரே ஒரு புள்ளிதாங்க பாக்கி,” என்றாள். “தண்ணி கொதிக்கட்டும். அதை வச்சு எடுத்துட்டா முடிஞ்சுது.”

“அஞ்சு நிமிஷம்,” என்றார். அலுத்துப்போன குரல். “நான் கீழே ஆசிரியர் ரூமைப் பூட்டிட்டு வர்றேன். வரும்போது நீ பையோட நிக்கணும்.”

அவர் படியிறங்கும் ஓசை ஒவ்வொரு படியாகத் தேய்ந்தது. அவர் பாதிப் படியில் இருக்கும்போதே சோதனைக்கூடக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக. தடித்த கதவைப்போல, ரப்பர் விளிம்பு அழுந்தும் ஓசையோடு. அது மரக்கதவு.

ஜன்னலில் வெயில் இருந்தது. அறையில் இல்லை.

இப்போது அவளுக்கு மார்பு வரை குளிர். விரல்களை மடக்க முடியவில்லை. மூச்சு வெளியே வந்து வெள்ளையாக நிற்கும் என்று பார்த்தாள், வரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. குளிர் அறையில் இல்லை. அவளில் இருந்தது. இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டாள். அக்குளிலும் குளிர். எட்டு மணி நேரம். எப்படி எட்டு மணி நேரம்.

“முதல் ஒரு மணி நேரம்தான் நடுங்கும் டீச்சர்,” என்றது குரல். “அப்புறம் நடுக்கம் நின்னுடும். அதான் கஷ்டம்.”

நடுக்கம் நின்றது.

அடுப்பில் தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. பெரிய பெரிய குமிழிகள் அடியிலிருந்து கிளம்பி மேலே வந்து ஓசையின்றி உடைந்தன. ஓசை இருந்திருக்கும், அவள் காதுக்கு எட்டவில்லை. மேலே வெள்ளைப் புகை. குளிர்கிடங்கின் கதவைத் திறந்தால் தரையோடு உருண்டு வருமே, அதே புகை. முகத்தில் பட்டது. ஜில்லென்றிருந்தது.

அடுப்பு வேலை செய்யவில்லை. இது கொதிக்கவில்லை. இது ஐஸ்.

திரையில் அந்த வரி மட்டும். இரண்டாம் புள்ளிக்குக் காத்திருக்கிறது.

“வைங்க டீச்சர்.”

கட்டை எடுத்தாள். ஆறு கம்பி. இறுக்கிப் பிடித்தாள்.

“நடுவுல. அடியில படாம.”

இறக்கினாள். எண்கள் ஏறின. இருபது. நாற்பது. பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து சூடு கிடைக்கிறது.

“இன்னும் கீழே.”

இறக்கினாள். விரல் நுனி நீரைத் தொட்டது.

அங்கே.

அங்கே வெதுவெதுப்பு இருந்தது. உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர். அவளுக்கு அழுகை வந்தது. விரல்கள் உள்ளே போயின. விரல் முட்டி போயிற்று. மணிக்கட்டு. குளிர் கரைந்தது, தோளில், கழுத்தில், பல்லில். இடது கையையும் விட்டாள். கை மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. அதில் நகங்கள் இல்லை. அழுத்தவில்லை; எழுதப் பழக்கும்போது பிடிப்பதைப்போல மெல்லப் பிடித்துக்கொண்டது.

அறுபது. எண்பது.

ஏதோ வாசனை. சமையல் வாசனை. யார் சமைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பள்ளியில்.

தொண்ணூற்றேழு.

நூறு. ஆறு வரியிலும் 100.0. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. தண்ணீருக்குள் ரப்பர் பேண்ட் இளகி அவிழ்ந்து, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் சாய்ந்தன. அவள் கைகள் அப்படியே இருந்தன. சிவப்பாக, பிறகு வெள்ளையாக, பிறகு அவள் கைகளைப்போலவே இல்லாமல். விரலோரத்தில் ஏதோ மெல்லிய ஜவ்வு பிரிந்து, குமிழிகளோடு மேலும் கீழும் ஆடியது. அழகாக இருந்தது. இனி யாரும் எதுவும் கேட்க முடியாது. நூறு என்றால் நூறு.

படியில் காலடி. ஓட்டம். கதவு சுவரில் மோதித் திறந்தது. வாத்தியார் நிலைவாசலில் நின்றார். கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. அவர் வாய் திறந்தபடி இருந்தது. பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் கைக்கும், கைக்குச் சற்று மேலே இருந்த வெறும் இடத்துக்கும் மாறி மாறிப் போயிற்று.

டீச்சர் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பு முழுக்க இதமாக இருந்தது.

“ஏங்க, அங்கேயே நின்னா எப்படி? நீங்களும் ஒரு கையை விட்டுப் பாத்துச் சொல்லுங்க.”